ஓபராவின் அடித்தளக் குரல்: செருப்புத் தைக்கப் பழகிய சிறுவன் ஷாலியாப்பின் உலக அரங்கை எட்டியது எப்படி?

ஐரோப்பிய இசை நாடகமான ஓபராவில், ஆண் குரல்களிலேயே மிகத் தாழ்ந்த குரலுக்கு ‘பேஸ்’ என்று பெயர். அரசர், தலைமைக் குரு, தந்தை, சாத்தான் போன்ற வேடங்கள் பெரும்பாலும் இந்தக் குரலுக்கே எழுதப்படுகின்றன. இக்குரலில் பாடி 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மிகப் பெரும் புகழ் ஈட்டியவர் ரஷ்யாவின் ஃபியோதர் ஷாலியாப்பின். 1873-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் தேதி, வோல்கா நதிக்கரை நகரமான கசானில், குடிப்பழக்கம் கொண்ட அலுவலக எழுத்தர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் அவர். இசைக் கல்லூரி எதிலும் அவர் பயிலவில்லை. ஆசிரியர் ஒருவரிடம் முறையாகக் குரல் பயின்ற காலம் ஏறத்தாழ ஓராண்டுதான். அந்த ஓராண்டுக்கும் அவர் கட்டணம் செலுத்தவில்லை. செலுத்த அவரிடம் ஏதுமில்லை.

தமிழ் வாசகருக்கு ஓபரா தொலைவான கலையாகத் தோன்றலாம். ஆனால் பேஸ் என்னும் சொல் அப்படியன்று. தேவாலயப் பாடகர் குழுக்களில் சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என நான்கு குரல்களாகப் பிரிந்து பாடும் வழக்கம் தமிழகத்தில் பல தலைமுறைகளாக உள்ளது. சென்னையின் மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் 1893-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. நிக்கோபார் தீவுகளின் கிறிஸ்தவச் சிற்றூர்களிலும் பல குரல் இசைப்பாட்டு வேரூன்றிய பழக்கம். போர்ட் பிளேர் என்று முன்பு அழைக்கப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்தின் டெலானிபூரில் ஒரு சிறுவனுக்குப் பதினைந்து வயதில் குரல் உடைந்து கிணற்றின் ஆழத்துக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குரல் ஆலயத்தின் பின்வரிசையோடு நின்றுவிடுமா, அதற்கு அப்பாலும் செல்லுமா என்பது குரலின் தரத்தை மட்டும் பொறுத்ததன்று. அதை முதலில் கேட்பவர் யார் என்பதையும் பொறுத்தது. ஷாலியாப்பின் வாழ்க்கை இதற்குத் தெளிவான சான்று.

தாழ்ந்த குரலின் இலக்கணம்

குரல்நாண்கள் நீளமாகவும் தடிமனாகவும் இருந்தால் அவை மெதுவாக அதிரும்; ஒலி தாழ்ந்து வரும். ஓபரா பேஸ் பாடகர் ஒருவரின் வழக்கமான எல்லை, விநாடிக்குச் சுமார் 82 அதிர்வுகளில் தொடங்கி 330 அதிர்வுகள் வரை செல்லும். இதற்கும் கீழே இறங்க வேண்டிய இடங்கள் உண்டு. மோட்சார்ட் 1782-இல் இயற்றிய ‘செராலியோவிலிருந்து கடத்தல்’ ஓபராவில் ஒஸ்மின் என்னும் காவலன் 73 அதிர்வுகள் வரை இறங்குகிறான். லுட்விக் ஃபிஷர் என்ற பாடகரின் அபூர்வமான தாழ்குரலை மனத்தில் வைத்தே அந்த வேடத்தை மோட்சார்ட் எழுதினார். 1791-இல் அரங்கேறிய ‘மாயப் புல்லாங்குழல்’ ஓபராவின் சரஸ்த்ரோ என்னும் குருவுக்கு 87 அதிர்வுகள் கொண்ட ஸ்வரம் நின்று ஒலிக்க வேண்டும்.

கர்நாடக இசைக்கும் ஓபராவுக்கும் இங்கே ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. நம் பாடகர் தமக்கு ஏற்ற சுருதியைத் தாமே வைத்துக்கொள்கிறார். ஒரு கட்டையில் பாடுவதும் இரண்டு கட்டையில் பாடுவதும் அவரவர் தொண்டையின் வசதி. ஓபராவில் அந்த உரிமை பாடகருக்கு இல்லை. இயற்றியவர் எழுதிய ஸ்வரத்தை, எழுதிய இடத்திலேயே, அறுபது எழுபது கருவிகளோடு சேர்ந்து பாடியாக வேண்டும். ஆகவே பாடகர்தான் தம் குரலுக்குரிய வேடத்தைத் தேடிச் செல்கிறாரே ஒழிய, வேடம் அவரை நோக்கி இறங்கி வருவதில்லை. ‘நீ எந்தக் குரல்?’ என்ற கேள்வி அங்கே தொழிலையே தீர்மானிக்கும் கேள்வியாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

பேஸ் குரலுக்குள்ளும் பிரிவுகள் உள்ளன. அடியாழம் வரை இறங்கிக் கனத்து ஒலிப்பது ஒரு வகை; சரஸ்த்ரோ அதற்கு உதாரணம். நீண்ட வரிகளை இழைத்துப் பாடும் வகைக்கு, வெர்டியின் ‘டான் கார்லோஸ்’ ஓபராவில் உறக்கமின்றித் தனிமையில் புலம்பும் இரண்டாம் ஃபிலிப் மன்னர் உதாரணம். வேகமாகச் சொற்களை உதிர்த்துச் சிரிக்க வைப்பது மூன்றாவது வகை. ரோசினியின் ‘செவில் நகர நாவிதர்’ ஓபராவில் வரும் டான் பாசிலியோ இத்தகையவர். ரஷ்யத் திருச்சபைப் பாடகர் குழுக்களில் ஓபரா பேஸ் குரலுக்கும் கீழே ஒலிக்கும் பாடகர்கள் உண்டு. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் ஓபராவுக்குப் பொருந்துவதில்லை. மேடையில் மேல் ஸ்வரங்களும் வேண்டும். வாத்தியக் குழுவைக் கடந்து ஒலிக்கும் கூர்மையும் வேண்டும்.

அந்தக் கூர்மையே பயிற்சியின் மையம். ஓபரா மேடையில் பாடகருக்கு ஒலிவாங்கி வைக்கும் மரபு இல்லை. பி.பி. ஸ்ரீனிவாஸ் போன்ற தாழ்ந்த, மென்மையான குரலைத் தமிழ்த் திரையுலகம் கொண்டாடியது. ஒலிவாங்கி அருகில் இருந்ததால் அந்த மென்மை கடைசி வரிசை ரசிகரையும் எட்டியது. அதே மென்மையை வைத்துக்கொண்டு ஈராயிரம் இருக்கைகள் கொண்ட அரங்கை நிரப்ப இயலாது. வாத்தியக் குழுவின் ஒலி ஆற்றல் விநாடிக்கு 500 அதிர்வுகளை ஒட்டி மிகுந்து, அதற்கு மேலே செல்லச் செல்லக் குறைகிறது. பயிற்சி பெற்ற பாடகர் தொண்டையின் உட்பகுதியை ஒழுங்குபடுத்தி, 2,400 முதல் 3,000 அதிர்வுகள் வரையிலான பகுதியில் தம் குரலின் ஆற்றலைக் குவிக்கிறார். அந்த இடைவெளியில்தான் குரல் கருவிகளைத் தாண்டிக் கேட்கிறது. கத்துவதால் இது வராது. பல்லாண்டு மூச்சுப் பயிற்சியாலும், ஒவ்வொரு உயிரெழுத்தையும் ஒரே ஒளியோடு ஒலிக்கப் பழகுவதாலும் வருகிறது. அகார சாதகம் செய்தவர்களுக்கு இந்த உழைப்பின் சாயல் புரியும்.

இளம் பேஸ் பாடகர்கள் செய்யும் பொதுவான தவறு, முப்பது வயதில் வர வேண்டிய கனத்தை இருபதில் வரவழைக்க முயல்வது. நாக்கின் அடிப்பகுதியை அழுத்தினால் குரல் கருமையாக ஒலிக்கும். பாடுபவரின் காதுக்கு அது கம்பீரமாகவும் இருக்கும். ஆனால் அரங்கில் கேட்காது, தொண்டையும் கெடும். தாழ்ந்த குரல்கள் மெதுவாகவே முதிர்கின்றன. சோப்ரானோ பாடகி ஒருவர் இருபத்தைந்து வயதில் முதன்மை வேடம் ஏற்பது இயல்பு. பேஸ் பாடகருக்கு முப்பத்தைந்துக்கு மேல்தான் பெரிய அரசர்களும் குருக்களும் கைவருகின்றனர். அதற்கு ஈடாக, மற்றக் குரல்கள் ஓய்ந்த பின்னும் அறுபதைக் கடந்து பாடும் வாய்ப்பு அவருக்குண்டு.

கசானிலிருந்து திஃப்லிஸ் வரை

இந்த இலக்கணத்துக்கு ஷாலியாப்பின் விதிவிலக்கு. அவர் மிக விரைவில் முதிர்ந்தார். அதற்கு முன் மிக விரைவில் அழிந்துபோகவும் இருந்தார்.

சிறுவயதில் அவரைச் செருப்புத் தைப்பவரிடம் தொழில் பழக விட்டனர். பின்னர் கடைசல் வேலை. அதன்பின் தந்தையைப் போலவே படியெடுக்கும் எழுத்தர் பணி. தேவாலயப் பாடகர் குழுவில் பாடியதே அவருக்குக் கிடைத்த முதல் இசைக்கல்வி. ‘தாய்’ நாவலால் தமிழர்க்கு நன்கு அறிமுகமான மாக்சிம் கார்க்கியும் அதே காலத்தில் கசானில் கூலி வேலை செய்துவந்தார். இருவரும் ஒரே பாடகர் குழுவுக்கு விண்ணப்பித்ததாகவும், கார்க்கியைச் சேர்த்துக்கொண்டு, குரல் உடையும் பருவத்தில் இருந்த ஷாலியாப்பினைத் திருப்பி அனுப்பியதாகவும் ஒரு கதை நெடுங்காலமாக வழங்குகிறது. பிற்காலத்தில் இருவரும் நெருங்கிய நண்பர்களாயினர். 1916-இல் கிரீமியாவில் கார்க்கியின் உதவியுடன் ஷாலியாப்பின் தம் இளமை வரலாற்றைச் சொல்லி எழுதுவித்தார். அவருடைய தொடக்க காலம் குறித்து இன்று நாம் அறிவனவற்றுள் பெரும்பகுதி அந்த நினைவுக் குறிப்புகளிலிருந்தே கிடைக்கிறது.

1890-இல், பதினேழு வயதில், ஊஃபா நகரில் நாடகக் குழு ஒன்றில் கோஷ்டிப் பாடகராகச் சேர்ந்தார். அந்த டிசம்பரில் மூத்த பாடகர் ஒருவர் விலகிக்கொள்ள, மொனியுஷ்கோவின் ‘ஹால்கா’ ஓபராவில் முதல் தனி வேடம் எதிர்பாராமல் இவரை வந்தடைந்தது. மேடையில் அமரப் போனவர் நாற்காலியைத் தவறவிட்டுத் தரையில் விழுந்தார், அரங்கு சிரித்தது. ஆனாலும் வேடம் அவரிடமே இருந்தது. அதன்பின் வெவ்வேறு நாடோடிக் குழுக்களுடன் அலைந்து, 1892-இல் காக்கசஸ் பகுதியின் திஃப்லிஸ் நகரை அடைந்தார். ஜார்ஜியாவின் தலைநகரான இன்றைய திபிலிசி அது. அங்கே அவர் சேர்ந்திருந்த குழு கலைந்தது. வேலை இல்லை, நாள் கணக்கில் உணவும் இல்லை. வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் வரை சென்றதாக அவரே பதிவு செய்திருக்கிறார். அந்த வேளையில் தெருவில் எதிர்ப்பட்ட அறிமுகமான இத்தாலியப் பாடகர் ஒருவர் அவரை வீட்டுக்கு அழைத்துச் சென்று உணவளித்தார். பின்னர் ரயில்வே கணக்கு அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது.

உசாத்தோவின் வீட்டில்

மாஸ்கோவின் போல்ஷோய் அரங்கில் டெனர் பாடகராக இருந்து ஓய்வுபெற்ற திமித்ரி உசாத்தோவ் அப்போது திஃப்லிஸில் பாட்டு கற்பித்து வந்தார். ஷாலியாப்பின் அவரைத் தேடிச் சென்றபோது அவர் கையில் கசான் நகர நாடகக் குழு ஒன்றின் வேலை அழைப்பு இருந்தது. தம் குரல் பேரிட்டோன் வகை என்றே அவர் நம்பிக்கொண்டிருந்தார். பாடிக் காட்டிவிட்டு, தாம் பாட்டு கற்கத் தகுதியுள்ளவரா என்று கேட்டார். கற்றே ஆக வேண்டும் என்றார் உசாத்தோவ். கசானுக்குப் போக வேண்டாம், இங்கேயே தங்கிப் படிக்கலாம், கட்டணம் வேண்டாம் என்றும் சொன்னார்.

உசாத்தோவ் அதோடு நிற்கவில்லை. மாணவனின் உடையைப் பார்த்துத் தம் உடைகளைக் கொடுத்தார். வீட்டில் சாப்பாடு போட்டு, மேசையில் அமர்ந்து உண்ணும் முறையைக் கற்பித்தார். நகரத்துப் புரவலர் ஒருவரிடம் பேசி மாத உதவித்தொகைக்கு ஏற்பாடு செய்தார். வகுப்பில் அவர் கடுமையானவர்; மூச்சை வீணாக்கும் மாணவர் கோலால் அடி வாங்குவதுமுண்டு. மூச்சின் மீது குரல் நிற்க வேண்டும் என்பதும், அந்தக் குரல் பொருளைத் தாங்கி வர வேண்டும் என்பதும் அவரது பாடம். அக்காலத்தில் பலரும் கரடுமுரடானவர் என்று ஒதுக்கிய முசோர்க்ஸ்கியின் பாடல்களை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தியவரும் அவரே. மற்ற மாணவர்கள் இத்தாலிய மெட்டுகளை விரும்பினர். ஷாலியாப்பின் முசோர்க்ஸ்கியைப் பற்றிக்கொண்டார். பின்னாளில் அவரை உலகப் புகழுக்கு உயர்த்திய ‘போரிஸ் கோதுனோவ்’ ஓபராவின் ஆசிரியர் முசோர்க்ஸ்கிதான்.

1893-இல் திஃப்லிஸ் ஓபராவில் ஷாலியாப்பின் வேலைக்குச் சேர்ந்தார். வெர்டியின் ‘ஐதா’வில் தலைமைக் குரு ராம்ஃபிஸ், குனோவின் ‘ஃபாஸ்ட்’டில் சாத்தான் மெஃபிஸ்டோஃபிலிஸ் என ஒரே பருவத்தில் பல வேடங்கள் வந்தன. இருபது வயதில் அவற்றைத் தாங்கிய தொண்டை அபூர்வமானது. இதை இன்றைய மாணவர் முன்மாதிரியாகக் கொண்டால் விபரீதமே விளையும்.

கல்லூரிக்கு வெளியே கற்ற பாடங்கள்

1895-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் மரியின்ஸ்கி அரங்கம் அவரைப் பணியமர்த்தியது. பேரரசின் முதன்மை அரங்கம் அது. ஆனால் அங்கே அவர் தேங்கினார். தார்கோமிஷ்ஸ்கியின் ‘ருசால்கா’ ஓபராவில் மாவரைக்கும் ஆலைக்காரராகப் பாடியபோது, குரல் குறையின்றி ஒலித்தும் அரங்கம் அசையவில்லை. காரணம் புரியாமல், மமோன்த் தால்ஸ்கி என்ற நாடக நடிகரிடம் சென்றார். பாட்டை விட்டுவிட்டு வரிகளைப் பேசிக்காட்டச் சொன்னார் தால்ஸ்கி. கேட்டுவிட்டு, இந்த ஆலைக்காரன் ஊன்றி நிற்கும் கனத்த மனிதன். நீயோ துள்ளும் சில்லறை வியாபாரியைப் போல் பேசுகிறாய் என்ற பொருள்படச் சுட்டிக்காட்டினார். சிக்கல் ஸ்வரத்தில் இல்லை, சொல்லின் தொனியில் இருந்தது. பாவம் இல்லாத சங்கீதத்தைப் பற்றி நம் ஊரில் சொல்வதும் இதுதான். இசைக்கு வெளியிலிருந்து வந்த இந்த ஒரு பாடம் ஷாலியாப்பினின் கலையையே மாற்றியது.

1896-இல் ரயில்வே அதிபரும் கலைப்புரவலருமான சாவா மமோன்தோவ், மாஸ்கோவில் தாம் நடத்திய தனியார் ஓபராவுக்கு அவரை அழைத்தார். மரியின்ஸ்கி ஒப்பந்தத்தை முறித்ததற்கான அபராதத்துக்கும் தோள்கொடுத்தார். வ்ரூபெல், கொரோவின், செரோவ் முதலிய ஓவியர்கள் அந்த அரங்கில் பணியாற்றினர். முகத்தின் கோடு, உடையின் மடிப்பு, கையின் நிலை ஆகியவற்றைப் பார்க்க ஷாலியாப்பின் அவர்களிடம் பழகினார். பிற்காலத்தில் தம் ஒப்பனையைத் தாமே செய்துகொள்ளும் அளவுக்கு அதில் தேர்ந்தார். ரிம்ஸ்கி-கோர்சகோவின் ‘பிஸ்கோவ் நங்கை’யில் கொடுங்கோலன் இவான் மன்னராக அவர் பாட வேண்டியிருந்தது. வாசலில் நின்று உள்ளே வரலாமா என்று மன்னர் கேட்பதே அந்த வேடத்தின் தொடக்கம். எளிய சில சொற்கள்தாம். முதலில் தந்திரமும் போலிப் பணிவுமாகச் சொல்லிப் பார்த்தார், பாத்திரம் உயிர்பெறவில்லை. ஒத்திகையில் மனம் உடைந்து அழுதார். பின்னர் அச்சுறுத்தும் ஏளனத்தோடு அதே சொற்களை வீசியபோது மன்னர் மேடைக்கு வந்துவிட்டார்.

1898-இன் கோடைக்காலம் அவர் பெற்ற கல்வியின் உச்சம் எனலாம். அதே அரங்கில் உதவி இசை நடத்துநராக இருந்த செர்கேய் ரக்மனீனவ், அவருக்கு இசைக் கோட்பாடு கற்பித்து, ‘போரிஸ் கோதுனோவ்’ முழுவதையும் அவருடன் சேர்ந்து பயின்றார். பிற்காலத்தில் பியானோ மேதையாக உலகம் கொண்டாடிய ரக்மனீனவுக்கு அப்போது வயது இருபத்தைந்து. இருவரும் சம வயதினர். தம் வேடத்தை மட்டுமன்றி மற்ற எல்லா வேடங்களையும் ஷாலியாப்பின் மனனம் செய்தார். அத்துடன் நில்லாமல், புகழ்பெற்ற வரலாற்றாசிரியர் வசீலி கிளுச்செவ்ஸ்கியைச் சந்தித்து, போரிஸ் மன்னர் எத்தகையவர் என்று வினவினார். கிளுச்செவ்ஸ்கி விளக்கத்தோடு நிறுத்தாமல், மன்னரைச் சூழ்ச்சியால் வளைக்கும் ஷூய்ஸ்கி பிரபுவாகவே பேசி நடித்துக் காட்டினார். அந்த டிசம்பரில் அரங்கேறிய போரிஸ், அதுவரை அரைகுறையாகவே வரவேற்கப்பட்டிருந்த ஓபராவைப் பேசுபொருளாக்கினார்.

உலக மேடைகள்

1899-இல் போல்ஷோய் அரங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டது. 1901-இல் மிலான் நகரின் லா ஸ்கலாவிலிருந்து, போய்ட்டோவின் ‘மெஃபிஸ்டோஃபிலே’ ஓபராவில் பாட வருமாறு தந்தி வந்தது. இத்தாலியருக்கு இத்தாலிய ஓபராவைப் பாடிக் காட்ட ஒரு ரஷ்யர் செல்வதா என்று தயங்கினார். மறுத்துவிடுவார்கள் என்ற எண்ணத்தில் பத்துக் காட்சிகளுக்கு 15,000 பிராங்க் கேட்டார், அவர்களோ ஒப்புக்கொண்டனர். இசை நடத்தியவர் டோஸ்கனினி. உடன் பாடிய டெனர் என்ரிகோ கருசோ. பணம் பெற்றுக்கொண்டு கைதட்டும் கூட்டத்தின் தலைவர்கள் அங்கே பாடகர்களை அணுகுவது வழக்கம். ஷாலியாப்பின் அவர்களுக்குப் பணம் தர மறுத்தார். அவமானம் நேரும் என்று பலரும் எதிர்பார்த்த முதல் இரவு, பெரும் வெற்றியாக முடிந்தது.

எல்லா ஊரும் உடனே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. 1907-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் அவர் அறிமுகமானபோது, அவரது இயல்பு நடிப்பை முரட்டுத்தனம் என்று விமர்சகர்கள் கண்டித்தனர். அடுத்த ஆண்டு பாரிசில் தியாகிலெவ் நடத்திய ‘போரிஸ் கோதுனோவ்’ மேற்கு ஐரோப்பாவையே திரும்பிப் பார்க்க வைத்தது. 1910-இல் மாசனே இயற்றிய ‘டான் கிஹோத்தே’ மொன்டே கார்லோவில் அரங்கேறியபோது முதன்மை வேடம் அவருடையது. 1913-இல் லண்டன். 1921-இல் மீண்டும் நியூயார்க். மற்றவர்கள் இத்தாலிய மொழியில் பாட, அவர் மட்டும் ரஷ்ய மொழியில் போரிஸாகப் பாடினார். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் கண்டித்த அதே நகரம் இம்முறை கொண்டாடியது. 1928 ஜூலையில் லண்டன் கோவென்ட் கார்டனில் அவர் பாடிய போரிஸின் பகுதிகள் நேரடியாக ஒலிப்பதிவு செய்யப்பட்டன. அவற்றைக் கேட்பவர் முதலில் வியப்பது, அக்குரல் எதிர்பார்த்த அளவு கனமாக இல்லையே என்பதற்காக இருக்கலாம். அவரைவிடப் பெரிய, ஆழமான குரல்கள் அவர் காலத்திலேயே இருந்தன. முணுமுணுப்பிலிருந்து அலறல் வரை ஒவ்வொரு சொல்லுக்கும் தனி நிறம் தந்தவர்கள் அரிது.

இழந்த நாடு

புரட்சிக்குப் பின் 1918-இல் ‘குடியரசின் மக்கள் கலைஞர்’ என்ற பட்டம் அவருக்கு வழங்கப்பட்டது. 1922-இல் வெளிநாட்டுப் பயணம் சென்றவர் திரும்பவில்லை. 1927-இல் பாரிசில் வறுமையில் வாடிய ரஷ்ய அகதிக் குழந்தைகளுக்கென நன்கொடை அளித்தார். சோவியத் அரசு அதைப் பகைவர்க்குச் செய்த உதவியாகக் கருதி, பட்டத்தைப் பறித்தது. கார்க்கியுடனான நட்பும் முறிந்தது. போரிஸ் மன்னராக ரஷ்ய மக்களின் துயரத்தைப் பாடியவர், அதன்பின் அந்த மக்கள் முன்னிலையில் பாடவேயில்லை.

கடைசி ஆண்டுகளிலும் அவர் ஓயவில்லை. 1933-இல் பாப்ஸ்ட் இயக்கிய ‘டான் கிஹோத்தே’ திரைப்படத்தில் நடித்தார். 1936-இல் சீனாவிலும் ஜப்பானிலும் கச்சேரிகள் நடத்தினார். டோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டலில் தங்கியிருந்தபோது அவருக்குப் பல்வலி. மெல்வதற்கு எளிதாக, வெங்காயத்தில் ஊறவைத்த இறைச்சியைச் சமையற்காரர் செய்து கொடுத்தார். ‘ஷாலியாப்பின் ஸ்டேக்’ என்ற பெயரில் அது இன்றும் ஜப்பானிய உணவகங்களில் கிடைக்கிறது. 1938 ஏப்ரல் 12-ஆம் தேதி பாரிசில் ரத்தப் புற்றுநோயால் அவர் காலமானார். 1984-இல் அவரது உடல் எச்சங்கள் மாஸ்கோவின் நோவோதேவிச்சி கல்லறைக்கு மாற்றப்பட்டன. பறிக்கப்பட்ட பட்டம் 1991-இல் திருப்பித் தரப்பட்டது.

இன்றைய பாதை

உசாத்தோவ் போன்ற ஒருவர் கதவைத் திறப்பார் என்று காத்திருக்கும் நிலை இன்று ஓரளவு மாறியுள்ளது. குரல் தேர்வு, இசைக் கல்லூரி, ஓபரா ஸ்டுடியோ எனப்படும் பயிற்சிப் பணி, அரங்க ஒப்பந்தம் என்று படிகள் வகுக்கப்பட்டுள்ளன. ஜெர்மனியில் மட்டும் பொது நிதியில் இயங்கும் ஓபரா அரங்கங்கள் சுமார் 80 உள்ளன. அவற்றில் பல, மாதச் சம்பளத்தில் நிரந்தரக் குழுவை வைத்திருக்கின்றன. அங்கே சேரும் இளம் பேஸ் பாடகர் முதல் பருவத்தில் வாயிற்காவலர், தூதர், முதிய வேலைக்காரர் என்று சில வரி வேடங்களையே பெறுவார். காலையில் ஒரு ஓபராவின் ஒத்திகை, இரவில் வேறொன்றின் காட்சி. ஒரு நாட்டு அரங்கிலிருந்து மறு நாட்டு அரங்குக்குச் செல்லும் தனிப்பாடகராகிவிட்டால், ஊதியம் பொதுவாகக் காட்சிக் கணக்கில்தான். தொண்டை கட்டிப் பாட முடியாமல் போகும் இரவுக்குப் பணம் கிடைப்பது அரிது.

இத்தாலியம், ஜெர்மன், பிரெஞ்சு ஆகிய மூன்று மொழிகளையும் பாடும் அளவுக்கேனும் கற்க வேண்டும். ரஷ்யமும் அறிந்திருந்தால் பேஸ் பாடகருக்குக் கூடுதல் நன்மை. ஜெர்மனியின் அரசு இசைக் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை அல்லது குறைவு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவரிடம் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ வசூலிக்கிறது. கட்டணத்தைவிடப் பெரிய தடை குரல் தேர்வுதான்.

ஆசியாவிலிருந்து சென்று வென்றவர்கள் இருக்கிறார்கள். தென் கொரியாவின் சுங்ஜூவில் 1966-இல் பிறந்த குவாங்சுல் யூன், பல்கேரியத் தலைநகர் சோஃபியாவிலும் பெர்லினிலும் பயின்று, 1994 முதல் பத்தாண்டுகள் பெர்லின் ஸ்டாட்ஸ்ஓப்பரின் நிரந்தரக் குழுவில் பாடினார். வாக்னரின் ஓபராக்களுக்கென்றே நடக்கும் பைரோய்ட் விழாவிலும் முக்கிய பேஸ் வேடங்களை ஏற்றார்.

இந்தியாவில் பிறந்து ஓபரா உலகில் நிலைபெற்றவர்களுள் முதலில் நினைவுக்கு வருபவர், மும்பையில் பிறந்த சோப்ரானோ பாடகி பாட்ரீசியா ரொசாரியோ. 2009 முதல் இந்திய இளைஞர்களுக்குக் குரல் பயிற்சி அளிக்கும் திட்டம் ஒன்றையும் அவர் நடத்திவருகிறார். 2016-இல் மும்பையின் ராயல் ஓபரா ஹவுஸ் நீண்ட இடைவெளிக்குப் பின் திறக்கப்பட்டபோது அங்கு பாடியவரும் அவரே. சென்னையில் 2008-இல் ஏ.ஆர். ரஹ்மான் தொடங்கிய கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரியில் மேற்கத்தியக் குரலிசை கற்பிக்கப்படுகிறது. டெலானிபூரிலிருந்து சென்னைக்குக் கடல் வழியே சுமார் 1,200 கிலோமீட்டர்.

மேடை ஏறும் பேஸ் பாடகருக்கு நம் மண்ணின் வேடங்களும் காத்திருக்கின்றன என்பது சுவையான செய்தி. 1863-இல் பிசே இயற்றிய ‘முத்துக்குளிப்போர்’ பழைய இலங்கையில் நிகழ்கிறது; அதன் தலைமைக் குரு நூராபாத் ஒரு பேஸ். 1883-இல் டெலீப் இயற்றிய ‘லாக்மே’ இந்தியாவில் நிகழ்கிறது. நாயகியின் தந்தையான பிராமணர் நீலகண்டரும் பேஸ்தான். ஷாலியாப்பினும் அந்த வேடத்தைப் பாடியவர். கதையில் வரும் இந்தியா பெரும்பாலும் பாரிஸ் கற்பனையில் விளைந்தது. ஆனால் நீலகண்டரின் தனிப்பாடல் பேஸ் மாணவர்கள் இன்றும் பயில்வது. பிலிப் கிளாஸ் இயற்றி 1980-இல் ராட்டர்டாமில் அரங்கேறிய ‘சத்தியாகிரகம்’ முழுவதும் பகவத் கீதையின் சம்ஸ்கிருத வரிகளில் பாடப்படுகிறது. 2018-இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஓபரா அதை மேடையேற்றியபோது, இலங்கைப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த ஷான் பணிக்கர் காந்தியாகப் பாடினார். அது டெனர் வேடம். அதே ஓபராவில் கிருஷ்ணனும், தென்னாப்பிரிக்காவில் காந்திக்குத் துணைநின்ற பார்சி ருஸ்தம்ஜியும் பேஸ் குரலுக்கு எழுதப்பட்டவர்கள்.